இரண்டு மொழியில் எழுதிய ராஜம் ஐயரை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: மதுரையில் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் கதை எழுதிய ஒரு நாவலாசிரியரைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். நம் வட்டாரத்துக்காரர் என்பதால் பி.ஆர். ராஜம் ஐயரை எடுக்க எண்ணம். அவருடைய ஆங்கில எழுத்து எங்கே கிடைக்கும், அதையும் 'கமலாம்பாள் சரித்திர'த்தையும் எப்படி ஒப்பிடுவது, நான்கு மாதத்தில் முடியுமா?

முடியும். ஆனால் ராஜம் ஐயரை மட்டும் வைத்துக்கொண்டால் மூன்றாவது அத்தியாயத்தில் சரக்கு தீர்ந்துவிடும். 26 வயதில் இறந்தவர். தமிழில் ஒரே நாவல். பக்கத்தில் அ. மாதவையாவை உட்கார வையுங்கள். இருவரும் 1872இல் பிறந்தவர்கள். ஒருவர் வத்தலக்குண்டு, மற்றவர் தாமிரபரணிப் பக்கத்துப் பெருங்குளம். இருவரும் மில்லர் முதல்வராக இருந்த காலத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர்கள். இருவரும் தொடர்கதை எழுதத் தொடங்கியது 'விவேக சிந்தாமணி' என்ற ஒரே மாதப் பத்திரிகையில். இத்தனை ஒற்றுமை இருந்தும் ஆங்கிலத்தை இருவரும் நேரெதிரான வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஆய்வேட்டுக்கான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ராஜம் ஐயரின் வாழ்க்கை. இதற்கு இரண்டு பக்கம் போதும், அதற்குமேல் நீட்டாதீர்கள். வத்தலக்குண்டு அன்று மதுரை ஜில்லாவில் இருந்தது. 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு போனது. பழைய நூல்களில் 'மதுரை ஜில்லா' என்றும் புதியவற்றில் 'திண்டுக்கல் மாவட்டம்' என்றும் வருவது இதனால்தான். ஒன்று பிழை என்று நினைத்துத் திருத்திவிட வேண்டாம். மதுரையிலும் பிறகு சென்னையிலும் படித்தார், பி.ஏ. முடித்தார், சட்டப் படிப்பில் கால் வைத்தார், அதில் மனம் நிற்கவில்லை. 1893 முதல் 1895 வரை 'கமலாம்பாள்' தொடராக வந்தது, 1896இல் புத்தகமானது. அதே 1896 ஜூலையில் சென்னையிலிருந்து 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கில மாதப் பத்திரிகை தொடங்கியது. விவேகானந்தரின் தூண்டுதலால் பிறந்த அந்தப் பத்திரிகைக்கு முதல் ஆசிரியர் ராஜம் ஐயர். 1898 மே 13இல் அவர் இறந்தார். ஜூன் இதழோடு சென்னைப் பதிப்பு நின்றது. ஆகஸ்டில் இமயமலைப் பக்கத்து அல்மோராவிலிருந்து மறுபடி வரத் தொடங்கி, அடுத்த ஆண்டு மாயாவதி என்ற ஊருக்குப் போய்விட்டது.

ஆண்டுகளில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. தொடர் வந்த ஆண்டையும் நூலான ஆண்டையும் கலந்துவிடுவார்கள். 'கமலாம்பாள் 1893' என்று ஒரு பக்கத்தில், 'கமலாம்பாள் 1896' என்று பத்துப் பக்கம் தள்ளி. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். முதல் முறை சொல்லும்போதே 'தொடர் 1893-95, நூல் 1896' என்று எழுதிவிட்டால் தொல்லை இல்லை. தலைப்பிலும் இதே கவனம் வேண்டும். நூலின் முழுத் தலைப்பு 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. இன்றைய பதிப்புகள் முன்பாதியை விட்டுவிடுகின்றன. ஆனால் கதையின் அச்சாணியே அந்த முன்பாதிதான்: ஊர்வாயில் பிறந்த ஒரு பழி, ஒரு குடும்பத்தைக் குலைப்பது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1998இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு 'தி ஃபேட்டல் ரூமர்' என்று அந்தப் பாதியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறது. கமலாம்பாளின் பெயர் அங்கே பின்னுக்குப் போய்விட்டது. இந்த ஒரு தலைப்பு மாற்றத்தை வைத்தே உங்கள் முன்னுரையைத் தொடங்கலாம்.

இனி நாவல். மதுரை ஜில்லாவில் சிறுகுளம் என்ற கிராமம். முத்துஸ்வாமி ஐயர், அவர் மனைவி கமலாம்பாள், மகள் லக்ஷ்மி, மருமகன் ஸ்ரீநிவாசன். இவர்களைச் சுற்றி ஓர் அக்கிரகாரம். பெண்கள் கூடி ஊர்க்கதை பேசும் இடத்துக்கு ராஜம் ஐயர் வைத்த பெயர் 'வம்பர் மகாசபை'. இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது. 'மகாசபை' அந்த நாளில் காங்கிரஸுக்கு வழங்கிய சொல். காங்கிரஸ் பிறந்தது 1885. ராஜம் ஐயர் எழுதியது 1893. படித்தவர்கள் பெருமையோடு சொன்ன ஒரு புதுச் சொல்லை எடுத்து வம்பு பேசும் கூட்டத்துக்குச் சூட்டிவிட்டார். அவருடைய நகைச்சுவை பல இடங்களில் வேலை செய்வது இப்படித்தான்: பெரிய சொல், சின்ன இடம். இந்த மாதிரி இடங்களைத் தனி நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். பிறகு ஆங்கிலத்துக்கு வரும்போது இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

நாவலில் ஒரே தமிழ் இல்லை. குறைந்தது நான்கு தமிழ் இருக்கிறது. அக்கிரகாரத்துப் பேச்சு ஒன்று. பேயாண்டித் தேவனும் அவன் கூட்டமும் வரும் இடங்களில் மதுரை வட்டாரத்து வேறொரு பேச்சு. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதர் வந்தால் கம்பர் பாட்டும் வித்துவான் மிடுக்கும். முத்துஸ்வாமி ஐயரின் மனம் வேதாந்தத்தின் பக்கம் திரும்பும்போது வடசொல் மிகுந்த, நீண்ட வாக்கிய நடை. வகுப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் குறை, 'முன்பாதி நாவல், பின்பாதி வேதாந்தம்' என்பது. குறை உண்மைதான். ஆனால் அந்தக் குறை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று காட்டாமல் சொன்னால் அது கேட்டதைத் திருப்பிச் சொல்வதாகிவிடும். காட்ட ஒரு வழி: ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எதிரே இந்த நான்கு தமிழில் எவை வருகின்றன என்று குறியிடுங்கள். முதல் வாசிப்பில் வேண்டாம், கதை கெட்டுவிடும்; இரண்டாம் வாசிப்பில் செய்யுங்கள். குறியீட்டுத் தாளைச் சுவரில் ஒட்டிப் பார்த்தால் வம்பும் வட்டாரப் பேச்சும் எங்கே மெலிகின்றன, வேதாந்த நடை எங்கே கனக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

நாவலின் கடைசியில் ஆசிரியர் நேராக வந்து பேசுகிறார். கதை சொல்வது தன் முக்கிய நோக்கம் இல்லை, அமைதியில்லாத ஓர் ஆத்மா பாடுபட்டு நிம்மதி கண்டதைச் சொல்வதே நோக்கம் என்ற பொருளில். பல பேர் இதை ஒரு சம்பிரதாய முடிவுரையாகத் தாண்டிவிடுகிறார்கள். உங்களுக்கு இது வாசற்படி. தமிழில் முடிவுரையாக நின்ற அந்த வாக்கியம், அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் ஒரு முழுப் பத்திரிகையின் கொள்கையாகிவிட்டது.

பேயாண்டித் தேவனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவனைக் கொள்ளைக்காரனாகக் காட்டியிருப்பதை வைத்து, குற்றப் பரம்பரைச் சட்டத்தோடு முடிச்சுப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. காலம் ஒத்துவராது. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911இல். மதுரைப் பக்கத்துக் கள்ளர்கள் மீது அது பாய்ந்தது அதற்குப் பிறகு. பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச் சூடு 1920 ஏப்ரல் 3. நாவல் இவற்றுக்கெல்லாம் முந்தியது. அந்தக் காலத்துக்குரிய பின்னணி வேறு: கிராமக் காவல் முறை, காணாமல் போன மாட்டை மீட்டுத் தருவதற்கு வாங்கும் துப்புக்கூலி, காவல்காரர்களுக்கு எதிராக 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் கிளம்பிய 'பண்டு' இயக்கம். 1906இல் வந்த மதுரை ஜில்லா கெஸட்டியரில் (ஜில்லா விவர நூலில்) இவை உண்டு. ஆனால் அது அரசாங்கத்தின் கண்ணால் எழுதியது, அப்படியே நம்பி மேற்கோள் காட்ட வேண்டாம். ராஜம் ஐயரின் பார்வையும் அக்கிரகாரத் திண்ணையிலிருந்து பார்த்த பார்வைதான். அதை மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் சரியான ஆண்டில் நிறுத்திச் சொல்லுங்கள்.

ஆங்கிலப் பக்கம் போவோம். 'பிரபுத்த பாரதா'வில் எழுதியவை அவர் இறந்த பிறகு 1905இல் 'ராம்பிள்ஸ் இன் வேதாந்தா' என்ற தலைப்பில் தடித்த நூலாக வந்தன. பழைய பதிப்பின் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டுரைகள், குட்டிக் கதைகள், உருவகங்கள், இவற்றோடு 'ட்ரூ கிரேட்னஸ் ஆர் வாசுதேவ சாஸ்திரி' என்ற தொடர்கதை. உங்களுக்கு வேண்டியது முதன்மையாக இந்தக் கடைசி ஒன்று. பத்திரிகையின் மூல இதழ்களைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: ராஜம் ஐயர் என்ற பெயர் பல பக்கங்களில் இருக்காது. ஒரே ஆள் இதழை நிரப்புவது தெரியாமலிருக்க டி.சி. நடராஜன் முதலிய பல புனைபெயர்களில் எழுதினார். பெயரை வைத்துத் தேடினால் பாதி நழுவிவிடும். 1905 நூலின் பொருளடக்கத்தை வைத்துத் தேடுங்கள்.

இங்கே ஒப்பீடு செய்யும்போது பெரும்பாலோர் ஒரு குழியில் விழுகிறார்கள். 'கமலாம்பாள்' தமிழ் மூலம், 'வாசுதேவ சாஸ்திரி' அதன் ஆங்கில வடிவம் என்பதுபோல எழுதிவிடுவது. அப்படி இல்லை. தன் நாவலை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவில்லை. வேறு வாசகருக்கு வேறு கதை எழுதினார். தமிழ்க் கதையைப் படித்தவர்களுக்கு அக்கிரகாரம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலப் பத்திரிகையைப் படித்தவர்கள் கல்கத்தாவிலும் பம்பாயிலும் கடல் தாண்டியும் இருந்தவர்கள். ஆகவே வரிக்கு வரி ஒப்பிடுவது வீண். கேட்க வேண்டிய கேள்விகள் இவை: வம்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது? சிரிப்பு யார்மேல் வருகிறது? ஊர், தெரு, உறவு, சாப்பாடு இவற்றுக்கு எத்தனை சொல் செலவாகிறது? ஞானிக்கு எதிராளி யார்? முன்னே சொன்ன நோட்டு இப்போது பயன்படும். 'பெரிய சொல், சின்ன இடம்' என்ற அந்த விளையாட்டை ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். என் கணிப்பில், அவருடைய ஆங்கிலத்தில் தெளிவு இருக்கிறது, கனிவு இருக்கிறது. வம்பர் மகாசபைக்குத்தான் அங்கே இடமில்லை. 21 வயதில் ஒரு கிராமத்தையே பேசவைத்த பையன், 24 வயதில் ஆங்கிலத்தில் உபதேசம் செய்யப் போய்விட்டான் என்று சில சமயம் வருத்தமாகக்கூட இருக்கும். அதை ஆய்வேட்டில் எழுத முடியாது, ஆனால் காரணத்தை எழுதலாம்: ஆங்கிலம் அவருக்குத் தத்துவத்தின் மொழி, வீட்டின் மொழியாக அதை அவர் ஆக்கிப் பார்க்கவில்லை.

மாதவையா இதற்கு நேர் எதிர். வீட்டை ஆங்கிலத்தில் எழுதியவர் அவர்.

1892இல் 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற தொடரைத் தொடங்கினார். இளம் விதவையின் கதை. நடுவிலேயே நின்றுபோனது. அடுத்த ஆண்டு அதே பத்திரிகையில் ராஜம் ஐயரின் தொடர் ஆரம்பம். விதவையின் கதை நின்ற பத்திரிகையில் அக்கிரகாரத்துக் கதை இரண்டு ஆண்டு தடையில்லாமல் ஓடியது. இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே அந்தக் காலத் தமிழ்ப் பத்திரிகை எதைத் தாங்கியது, எதைத் தாங்கவில்லை என்று புரியும். மாதவையா அந்தக் கதையை விடவில்லை. 1903இல் 'முத்துமீனாக்ஷி' என்று நூலாக்கினார். அதே 1903இல் ஆங்கிலத்தில் 'தில்லை கோவிந்தன்' வந்தது, சொந்தப் பெயரில் இல்லை, 'பம்பா' என்ற புனைபெயரில். வைதீகக் குடும்பத்துப் பிள்ளை இங்கிலீஷ் படிப்பால் எப்படி இரண்டு பக்கமும் ஒட்டாமல் போகிறான் என்பதைத் தன்வரலாறு போலச் சொல்லும் நாவல். 1916இல் லண்டன் பதிப்பாளர் ஒருவர் மறுபடி வெளியிட்டார். தமிழ் மொழிபெயர்ப்பு 1944இல்தான் வந்தது, மாதவையா இறந்து 19 ஆண்டு கழித்து.

அவர் உப்பு, ஆப்காரி இலாகா அதிகாரி என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது அவர் எழுத்துக்கு முக்கியம். உப்பளமும் சாராயக் கடையும் பார்க்கிற வேலை என்றால் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும், லஞ்சத்தைத் தினமும் பார்க்க வேண்டும், வெள்ளைக்கார மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். அவருடைய ஆங்கில உரைநடை வளைந்து குழையாமல் நேராகப் போவதற்கு அந்த அறிக்கைப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இதை நிறுவ முடியாது. ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

அடுத்து வந்த ஆங்கில நாவல்கள் 'சத்தியானந்தா' (1909), 'கிளாரிந்தா' (1915), 'லெப்டினன்ட் பஞ்சு'. இவற்றில் உங்களுக்கு நேரம் இருந்தால் 'கிளாரிந்தா'வைப் படியுங்கள். தஞ்சாவூர் மராட்டியப் பிராமண விதவை ஒருத்தி, லிட்டில்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியோடு வாழ்ந்தவள், 1778இல் பாளையங்கோட்டையில் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றவள். அவள் கட்டிய சிறு கோயில் இன்றும் பாளையங்கோட்டையில் இருக்கிறது; ஜனங்கள் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்கிறார்கள். மதுரையிலிருந்து காலையில் ரயில் ஏறினால் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். சரித்திரத்தில் சில வரிகளே உள்ள ஒரு பெண்ணுக்கு மாதவையா குழந்தைப் பருவமும் மனசும் கொடுத்தார். இதைத் தமிழில் எழுதியிருந்தால் 1915இல் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சரோஜினி பாக்கியமுத்துவின் தமிழ் மொழிபெயர்ப்பு பிற்காலத்தது.

உண்மையான இருமொழி ஒப்பீட்டுக்கு, அதாவது ஒரே ஆள் ஒரே கதையை இரண்டு மொழியிலும் எழுதியதைப் பார்ப்பதற்கு, மாதவையாவின் 'குசிகர் குட்டிக் கதைகள்' போல வசதியான நூல் அந்தத் தலைமுறையில் இல்லை. முதலில் 'ஹிந்து' பத்திரிகைக்காக ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு தானே தமிழாக்கி 1924இல் வெளியிட்டார். மொத்தம் 27 கதை. எல்லாவற்றையும் தொடாதீர்கள். மூன்று போதும்: ஒன்று விதவை அல்லது கல்யாணம் பற்றியது, ஒன்று சாதி அல்லது சடங்கு பற்றியது, ஒன்று உத்தியோகம் அல்லது லஞ்சம் பற்றியது.

செய்முறையில் கவனம் வேண்டும். ஆங்கிலமும் தமிழும் ஜெராக்ஸ் எடுத்து, பத்தி பத்தியாக எண்ணிடுங்கள். வாக்கியத்துக்கு எண்ணிட்டால் நான்காவது வரியிலேயே கணக்கு பிசகிவிடும், ஏனென்றால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தமிழில் இரண்டாகப் பிரியும், சில இடத்தில் மூன்று ஒன்றாகும். மூன்று நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது ஒரு நிறம்: பெரும்பாலும் சடங்கு, உறவுமுறை, உடை பற்றிய விளக்கமாக இருக்கும். தமிழில் மட்டும் இருப்பது இன்னொரு நிறம்: பழமொழி, விளிச்சொல், திட்டு. இரண்டிலும் இருந்து தொனி மாறியது மூன்றாவது நிறம். இந்த மூன்றாவதுதான் தங்கம், ஆனால் மிகக் குறைவாகத்தான் அகப்படும். ஒரு கதைக்கு நாலு மணி நேரம் ஆகும். இரண்டு நாளாகப் பிரித்துச் செய்தால் கண் ஏமாறாது.

இதில் வரும் பெரிய பிசகு, எல்லா வித்தியாசத்தையும் மொழியின் தலையில் கட்டுவது. ஆங்கிலக் கதைகளுக்கும் 1924க்கும் நடுவே ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. யுத்தம் முடிந்தது, காந்தி வந்தார், மாதவையாவே வேலையை விட்டு மயிலாப்பூரில் சொந்த அச்சுக்கூடமும் 1924இல் 'பஞ்சாமிர்தம்' பத்திரிகையும் நடத்தத் தொடங்கினார். தமிழில் ஒரு வாக்கியம் காரமாக இருந்தால் தமிழ் என்பதால் காரமா, 1924 என்பதால் காரமா, சொந்த அச்சுக்கூடம் என்பதால் காரமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

புத்தகம் தேடும் வேலைக்கு வருவோம். ராஜம் ஐயரின் பெயரை நூலகப் பட்டியல்கள் ராஜம் ஐயர், ராஜமையர், ராஜமய்யர், இராஜம் அய்யர், இராசம் ஐயர் என்று பலவிதமாக வைத்திருக்கும். ஊர்ப் பெயரும் 'பத்தலகுண்டு', 'பட்லகுண்டு', 'வத்தலக்குண்டு' என்று மாறும். ஒரு எழுத்தில் இல்லை என்றால் புத்தகமே இல்லை என்று திரும்பிவிடக் கூடாது. நூல் தலைப்பை வைத்தும் பாருங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தெ.பொ.மீ. நூலகம், ஊருக்குள் 1901இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தின் நூலகம், புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இந்த வரிசையில் போனால் அச்சுப் பிரதிகள் அநேகமாகக் கிடைத்துவிடும். பழைய பத்திரிகை இதழ்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம். அங்கே போகும் முன் பட்டியலை இணையத்தில் பார்த்து, வேண்டிய இதழின் மாதத்தையும் ஆண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். 'விவேக சிந்தாமணி இருக்கா' என்று மொட்டையாகக் கேட்டால் ஒரு நாள் வீணாகும்.

மின்பதிப்பை வைத்து நடையைப் பற்றி எழுதாதீர்கள். கதை படிக்க அது போதும். மேற்கோள் காட்டப் போதாது. 1978க்கு முந்திய அச்சில் ணை, லை, னை, றா போன்றவை பழைய கூட்டெழுத்தில் இருக்கும்; கணினி எழுத்துணரி அவற்றை அடிக்கடி கோட்டை விடும். அதோடு மறுபதிப்பாளர்கள் கிரந்த எழுத்தை மாற்றுவார்கள், சந்தி பிரிப்பார்கள், பத்தி பிரிப்பார்கள். 'ராஜம் ஐயர் சிறு சிறு பத்திகளாக எழுதுகிறார்' என்று ஒரு மாணவர் எழுத, அந்தப் பத்திகள் பதிப்பாசிரியர் பிரித்தவையாக இருந்தால் என்ன செய்வது? ஒரே ஒரு அத்தியாயத்தையாவது கிடைக்கும் மிகப் பழைய பதிப்போடு ஒத்துப் பாருங்கள். மேற்கோளுக்குப் பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் கொடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், அத்தியாயம் மாறாது.

பதிப்புரிமை பற்றிக் கவலை வேண்டாம், பாதி வரை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டு உரிமை. ராஜம் ஐயர் இறந்தது 1898, மாதவையா 1925. இருவர் எழுத்தும் பொதுச்சொத்து, பின்னிணைப்பாக முழுக் கதையையே சேர்க்கலாம். ஆனால் மொழிபெயர்ப்புகளுக்குத் தனி உரிமை உண்டு. பிளாக்பர்னின் 1998 மொழிபெயர்ப்பிலிருந்து பத்துப் பக்கம் அப்படியே எடுத்துப் போடுவது தவறு. சில வரி மேற்கோள் தாராளமாகக் காட்டலாம்.

தலைப்பை இறுக்கிக்கொள்ளுங்கள். 'ராஜம் ஐயரின் வாழ்வும் பணியும்' என்று வைத்தால் நெறியாளர் ஒத்துக்கொள்வார், ஆனால் நீங்கள் திணறிப்போவீர்கள். வேறொன்று சொல்கிறேன். 'கமலாம்பாள்' மனைவிமேல் விழுந்த பழியால் குலையும் குடும்பத்தின் கதை. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' (முதல் பாகம் 1898, இரண்டாம் பாகம் அடுத்த ஆண்டு, மூன்றாம் பாகத்தைப் 'பஞ்சாமிர்த'த்தில் எழுதத் தொடங்கி முடிக்காமலே போனார்) அதிலும் கணவன் மனைவியைச் சந்தேகிப்பது கதையின் நடுநாயகம். ஐந்தாறு ஆண்டு இடைவெளியில், ஒரே வயதுள்ள, ஒரே கல்லூரியில் படித்த இரண்டு பேர், ஒரே முடிச்சு. ராஜம் ஐயர் அந்த முடிச்சைக் கணவனின் ஆத்மப் பயணமாக அவிழ்க்கிறார். மாதவையா கணவனின் புத்திக் கோளாறாகப் பார்க்கிறார். பிறகு இருவரும் ஆங்கிலத்தில் என்ன எழுதினார்கள் என்று பார்த்தால், அந்த இரண்டு பாதைகளும் அங்கேயும் நீள்வது தெரியும்: ஒன்று வேதாந்தப் பத்திரிகைக்கு, மற்றது 'கிளாரிந்தா'வுக்கு. 'சந்தேகம்' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் 80 பக்க ஆய்வேடு தாராளமாக நிற்கும்.

காலக் கணக்கு: முதல் மாதம் இரண்டு தமிழ் நாவல்களும் இரண்டு முறை வாசிப்பு, நடைக் குறியீடு. இரண்டாம் மாதம் 'வாசுதேவ சாஸ்திரி', 'தில்லை கோவிந்தன்', நேரம் மிஞ்சினால் 'கிளாரிந்தா'. மூன்றாம் மாதம் குசிகரின் மூன்று கதை ஒப்பீடும் சென்னைப் பயணமும். எழுதுவது நான்காம் மாதத்தில்தான் என்று தள்ளிப் போடாமல், ஒவ்வொரு நூல் முடிந்ததும் நான்கு பக்கம் எழுதி வைத்துவிடுங்கள். பழைய ஆங்கிலம் முதலில் கொஞ்சம் கடிக்கும். முதல் முப்பது பக்கத்துக்கு அகராதி வேண்டும், பிறகு வேண்டாம்.

வத்தலக்குண்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் நிலக்கோட்டை வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆய்வேட்டுக்கு அங்கே பெரிதாக ஆதாரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், சிறுகுளம் கற்பனைப் பெயர். ஆனால் மணிக்கொடி பி.எஸ். ராமையாவுக்கும் 'எழுத்து' சி.சு. செல்லப்பாவுக்கும் அதே ஊர்தான் என்பதை மனசில் வைத்துக்கொண்டு போங்கள். செல்லப்பாவின் 'வாடிவாசல்' கையில் இருந்தால் போகும்போதே பஸ்ஸில் படித்து முடித்துவிடலாம், அவ்வளவு சின்னது. பேச்சுத் தமிழ் 1893இலிருந்து 1959க்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

கடைசியாக ஒரு திருத்தம். மாதவையா மாரடைப்பால் இறந்தார் என்று மட்டும் எழுதி வாழ்க்கைக் குறிப்பை முடித்துவிடாதீர்கள். 1925 அக்டோபர் 22, சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டம். பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். ஆங்கிலத்தில் நான்கு நாவல் எழுதியவர்.